பெண் நிஞ்ஜாவின் நெஞ்சுக்குள்ளே என்ன... தெரியுமா?

ஆண் வாடையே படாத ஒரு நிஞ்ஜா கிராமம் இருக்கிறது, தெரியுமா? மலைக்குள்ளே, காட்டுக்கு நடுவே, முப்பதுக்கு மேற்பட்ட சிறுமிகள். மரத்துக்கு மரம் தாவுவார்கள், கண் எதிரே நின்றுகொண்டே காணாமல் போவார்கள், வேறு ஆளாக உருமாறுவார்கள். ஆனால் ‘ஆண் என்றால் எப்படி இருப்பான்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒருத்திக்கும் தெரியாது! ‘ஆண்கள் பொல்லாதவர்கள், பக்கத்தில் போகவே கூடாது’ என்பது அந்த ஊரின் கட்டளை. அதை மீறினால் ஆசிரியை சும்மா விடமாட்டார்.

இந்த ஊரில் வகுப்பிலேயே கெட்டிக்காரி, குழுத் தலைவி, மற்ற பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்று பெயரெடுத்தவள் ட்சுபாகி. அவளுக்குத்தான் அந்த ரகசிய நோய். ‘ஆண்’ என்ற சொல் காதில் விழுந்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது! யாரிடம் சொல்வாள் பாவம்? எதிரியிடமிருந்து தன்னை மறைக்கத் தெரிந்தவளுக்குத் தன் மனசைத் தோழிகளிடமிருந்து மறைப்பதுதான் பெரும்பாடு. ‘குனோயிச்சி ட்சுபாகி நோ முனே நோ உச்சி’ என்ற மங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், மொத்தக் கதையும் இவ்வளவுதான். குனோயிச்சி என்றால் பெண் நிஞ்ஜா. 2018-இல் ‘கெஸ்ஸன்’ மாத இதழில் தொடங்கியது. பெரிய போர் இல்லை, வில்லன் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு பெண் பிள்ளையின் ஆர்வக்கோளாறு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சிரிக்க வைக்கிறார்கள்!

குழுக்களுக்கெல்லாம் ராசி விலங்குகளின் பெயர்கள். ட்சுபாகியுடையது நாய்க் குழு. பிள்ளைகளுக்கோ செடிகொடிகளின் பெயர்கள். ட்சுபாகி என்பது காமெலியா மலர். அவளை விட்டு நகராமல், அவள் இன்னொருத்தியோடு பேசினாலே முகம் சுருங்கிப்போகும் தோழிக்கு ‘சஸன்கா’ என்று பெயர். அதுவும் காமெலியா இனத்துப் பூதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜப்பானியர்களே குழம்பிப்போவார்கள். ஒட்டிக்கொண்டு திரிகிறவளுக்கு என்ன பொருத்தமான பெயர் பாருங்கள்! 2022-இல் க்ளோவர்வொர்க்ஸ் நிறுவனம் 13 பகுதிகளாக இதை அனிமே, அதாவது அசைபடத் தொடர், ஆக்கியபோது, முடிவுப் பாட்டை ஒவ்வொரு குழுவாக மாற்றி மாற்றிப் பாட வைத்தது. இத்தனை சிறுமிகளுக்கும் தனித்தனிக் குரல் தேடியவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

இதை வரைந்தவர் யார் தெரியுமா? சோய்ச்சிரோ யமமோட்டோ. பெயர் பழக்கமில்லையா? பக்கத்து இருக்கைப் பையனை ஓயாமல் சீண்டும் ‘தகாகி-சான்’ என்ற பள்ளிச் சிறுமியைப் படைத்த அதே ஆள்தான்! இன்னொன்று கேளுங்கள். 2022 ஜனவரியில் தகாகியின் மூன்றாம் பருவம், ஏப்ரலில் ட்சுபாகி, ஜூலையில் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கப் பலகையின் முன்னே காதலை மென்று விழுங்கும் ‘அயுமு’. ஒரே ஆண்டில், அடுத்தடுத்த மூன்று பருவங்களில், ஒரே மனிதரின் மூன்று வெவ்வேறு மங்காக்கள் தொலைக்காட்சியில்! மூன்றிலும் கதை ஒன்றுதான் என்று ஒரு குறும்புக்கார வாசகர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். சொல்லத் தெரியாத மனசு, விடாமல் துருவும் இன்னொரு மனசு. ட்சுபாகியில் அந்த இன்னொருவனே கிடையாது என்பதுதான் யமமோட்டோவின் குசும்பு. காதலன் இல்லாத காதல் கதை!

தகாகியை அனிமே ஆக்கிய ஷின்-எய் நிறுவனம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ரொம்ப வேண்டப்பட்டது. டோரேமோன் அவர்களுடையதுதான். தமிழ் பேசிக்கொண்டு நம் கூடத்துக்கே வந்த ‘நிஞ்ஜா ஹத்தோரி’யும் அவர்களுடையதுதான்! ஃபுஜிகோ ஃபுஜியோ ஏ 1964-இல் வரையத் தொடங்கிய மங்கா அது. ஹத்தோரியின் மேல் உயிரையே வைத்திருக்கும் ட்சுபாமே என்ற சிறுமி ஞாபகம் இருக்கிறதா? அவளும் ஒரு குனோயிச்சிதான். ஆக, சிரிக்க வைக்கும் பெண் நிஞ்ஜா நமக்கு ஒன்றும் புதியவள் அல்ல.

சரி, நிஜத்தில் பெண் நிஞ்ஜாக்கள் இருந்தார்களா?

இங்கேதான் தலை சுற்றும். 1676-இல் இகா பகுதியைச் சேர்ந்த ஃபுஜிபயாஷி யாசுதாகே தொகுத்த ‘பன்சென்ஷூகாய்’ என்ற 22 தொகுதி நூல், நிஞ்ஜா வித்தைகளின் களஞ்சியம். அதில் பெண்களைப் பயன்படுத்தும் வித்தைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெண் கத்தி வீசுகிறாளா? கூரையில் ஓடுகிறாளா? இல்லவே இல்லை! அவள் எதிரியின் மாளிகையில் பணிப்பெண்ணாகச் சேர வேண்டும். கொஞ்ச நாள் நல்ல பெயர் வாங்க வேண்டும். பிறகு, ‘அம்மா, என் மரப்பெட்டி வெளியே ஒரு வீட்டில் இருக்கிறது, கொண்டுவரச் சொல்லட்டுமா?’ என்று எஜமானியிடம் பவ்வியமாகக் கேட்க வேண்டும். பெட்டி வரும். அதற்கு இரண்டு அடித்தட்டு. மேலே துணிமணி. கீழே... ஓர் ஆண் நிஞ்ஜா!

அந்தப் புகழ்பெற்ற நூலின்படி பெண்ணின் வேலை, ஓர் ஆணைச் சாமானோடு சாமானாக உள்ளே கடத்துவது. ட்சுபாகி மட்டும் இதைப் படித்தால் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள்.

அப்படியானால் மோச்சிசூகி சியோமே? போர்ப்பிரபு தகேதா ஷிங்கென்னுக்காக, கோயில் சேவகிகள் என்ற வேடத்தில் நூற்றுக்கணக்கான பெண் ஒற்றர்களைப் பழக்கிய தலைவி என்கிறார்களே? வீடியோ கேம்களில்கூட வாள் சுழற்றுகிறாரே? அந்தக் காலத்து ஆவணங்களில் இதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அவரை நிஞ்ஜாத் தலைவியாகக் காட்டும் கதையெல்லாம் 20-ஆம் நூற்றாண்டில் கிளம்பியதுதான். இதைச் சொல்பவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல, நிஞ்ஜா ஆராய்ச்சியாளர்கள். இகா இருக்கும் மியே மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் நிஞ்ஜாக்களை ஆராயவே ஒரு சர்வதேச மையம் 2017-இல் தொடங்கினார்கள், தெரியுமா? அங்கே நிஞ்ஜா இயலில் முதுகலைப் பட்டமே வாங்கலாம்!

அந்தக் கறுப்பு உடை இருக்கிறதே, அதையும் மறந்துவிடுங்கள். 1681-இன் ‘ஷோனின்கி’ என்ற ஒற்றர் கையேடு சொல்லும் ஏழு வேடங்களில் புத்தத் துறவி உண்டு, மலைச் சாமியார் உண்டு, வியாபாரி உண்டு, தெருக்கூத்தாடி உண்டு. கறுப்பு முகமூடி மட்டும் இல்லை! யோசித்துப் பாருங்கள், தலைமுதல் கால்வரை கறுப்பைச் சுற்றிக்கொண்டு பட்டப்பகலில் கடைத்தெருவுக்குள் நுழைகிற ஒற்றன் எத்தனை அடி நடப்பான்?

நம் மனசில் இருக்கும் பெண் நிஞ்ஜாவைச் செய்தவர்கள் கதைக்காரர்கள். குறிப்பாக, 1950-களின் கடைசியில் மாயமந்திர நிஞ்ஜா நாவல்களாக எழுதித் தள்ளிய யமதா ஃபூதாரோ. பிறகு தொலைக்காட்சி அவளைத் தத்தெடுத்துக்கொண்டது. ‘மிதோ கோமோன்’ என்ற நெடுந்தொடரில் 1986 முதல் பெண் நிஞ்ஜாவாக நடித்த யூமி கவோரு, அதில் எத்தனை முறை குளித்தார் தெரியுமா? 200-க்கும் மேல்! ஜப்பானியத் தாத்தாக்கள் எந்தப் பகுதியையும் தவறவிடாததற்குக் காரணம் நீதி உணர்ச்சி மட்டும் அல்ல. வரலாறு வெற்றிடமாக விட்டுவைத்த இடம் அல்லவா? ஆளுக்கு ஆள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள். அதில் நகைச்சுவைக்காரர்கள் அடித்த கொட்டம்தான் தனி.

1964-லேயே ஷோதாரோ இஷினோமோரி ஒரு விசித்திரச் சிறுமியை மங்காவில் இறக்கிவிட்டார். பெயர் எச்சான். சிரித்த முகம், அசுர பலம், விலங்குகளோடு பேச்சு. கூடவே ஒசாகா வட்டார வழக்கில் வாயாடும் நாய்! நிஞ்ஜா சருதோபி சசுகேயின் வழிவந்தவள் என்று கதை சொல்லும். அந்த சசுகேயே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒசாகாவில் அச்சான மலிவு விலைக் கதைப் புத்தகங்கள் புகழேற்றிய கற்பனைப் பாத்திரம் என்பது வேறு விஷயம். கற்பனைக் கொள்ளுத்தாத்தாவுக்குக் கற்பனைக் கொள்ளுப்பேத்தி! அதே சருதோபிப் பெயரைச் சூட்டிக்கொண்டு ‘கிண்டாமா’ மங்காவில் இன்னொருத்தி வருவாள், அயாமே. கண்ணாடி கழன்றால் எதிரே நிற்பவர் யாரென்றே தெரியாத கொலைகாரி. இஷினோமோரி வாழ்நாளில் வரைந்தது 1,28,000 பக்கங்கள். கின்னஸ் சாதனை. எச்சான் அதில் ஒரு துளி.

நூற்றாண்டுக்கு ஒருமுறை பிறக்கும் மேதை குனோயிச்சி யார் தெரியுமா? ஓர் ஆண்! ரூமிகோ தகாஹாஷியின் ‘ரன்மா ½’ மங்காவில் வரும் கொனாட்சுவைச் சின்ன வயதிலிருந்தே பெண் உடையில் வளர்த்து, சிற்றன்னையும் அவள் பெண்களும் வேலை வாங்கியே கொல்கிறார்கள். சிண்ட்ரெல்லா கதையை நிஞ்ஜாக்களின் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

தேர்வுக்காகத் திருடப் போன பெண்ணைத் தெரியுமா? ரியோய்ச்சி கோகாவின் ‘நினின் கா ஷினோபுதென்’ கதாநாயகி ஷினோபுவுக்கு நிஞ்ஜாத் தேர்வில் கொடுத்த வினா, ஒரு பள்ளி மாணவியின் அறைக்குள் புகுந்து உள்ளாடையைத் திருடிவருவது. திருடப் போனவள் அந்த மாணவிக்கே உயிர்த்தோழி ஆகிவிடுகிறாள். இதில் மஞ்சள் உருண்டையாக, ஜொள்ளு வழிய ஒரு குருநாதர் வருவார், ஒன்சொகுமாரு. 2004 அனிமேயில் அவருக்குக் குரல் கொடுத்த நோரியோ வாகமோட்டோ, ‘டிராகன் பால் இசட்’டின் கொடூர வில்லன் செல்லுக்கும் குரல் கொடுத்தவர். அதற்கெல்லாம் முன்னால் அவர் நிஜ போலீஸ்காரர்! தயாரித்த யுஃபோடேபிள்தான் பின்னாளில் ‘டெமன் ஸ்லேயர்’ எடுத்து உலகத்தையே வாய் பிளக்க வைத்தது. அந்த வாள்வீச்சுக்காரர்கள் ஒரு காலத்தில் உள்ளாடைத் திருட்டை எடுத்தவர்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

எனக்கு இவை எல்லாவற்றிலும் அதிகம் பிடித்தது நவோகி ஷிகேனோவின் ‘நொபுநாகா நோ ஷினோபி’. 2008-இல் ‘யங் அனிமல்’ இதழில் தொடங்கியது. ஆம், ரத்த ஆறு ஓடும் ‘பெர்செர்க்’ வந்த அதே இதழ்! அதற்குள் கட்டை விரல் உயரத்தில் ஒரு குட்டிப் பெண், சிதோரி. சமாதானம் வர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகக் கத்தியோடு ஒரு படைக்குள்ளேயே பாய்வாள். சண்டையில் சூறாவளி, மற்ற நேரத்தில் தடுக்கி விழுவதே தொழில். அவள் சேவை செய்வது யாருக்கு? போர்ப்பிரபு ஒடா நொபுநாகாவுக்கு! இரண்டாயிரம் மூவாயிரம் பேரை வைத்துக்கொண்டு 1560-இல் ஒகேஹசாமாவில் பல மடங்கு பெரிய படையின் தலைவனையே வெட்டிச் சாய்த்தவர். 1569-இல் போர்ச்சுகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ் கண்ணாடிக் குப்பியில் சர்க்கரை மிட்டாய் கொண்டுவந்து கொடுத்ததும் இவருக்குத்தான்.

இதில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. 1579-இல் நொபுநாகாவின் மகன் நொபுகாட்சு அப்பாவைக் கேட்காமலே நிஞ்ஜாக்களின் தாய்மண்ணான இகாவுக்குள் படையோடு நுழைந்து, செமத்தியாக அடி வாங்கித் திரும்பினான். 1581-இல் அப்பாவே பெரும்படையை அனுப்பி இகாவைத் தீக்கிரையாக்கினார். அடுத்த ஆண்டே ஹொன்னோ-ஜி கோயிலில், சொந்தத் தளபதியின் துரோகத்தால் அவரும் முடிந்தார். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இந்த முடிவு மனப்பாடம். நிஞ்ஜாக்களின் ஊரை எரிக்கப்போகும் மனிதருக்காக ஒரு நிஞ்ஜாச் சிறுமி உயிரைக் கொடுக்கிறாள் என்று தெரிந்துகொண்டேதான் அவர்கள் இந்த நாலு கட்டச் சித்திரத் துணுக்குகளைப் படித்துச் சிரிக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பகுதிகளாக அனிமேயும் வந்தது. மூன்று பருவம், 78 பகுதிகள். அத்தனை குட்டி நேரத்தில் போர், வரலாறு, சிரிப்பு மூன்றையும் அடைக்கிறார்கள். பள்ளி வரலாற்றுப் பாடம் எழுதுகிறவர்கள் ஒருமுறை பார்க்கலாம்.

புதுசாக வேண்டுமா? 2025-இல் ஷாஃப்ட் நிறுவனம் அனிமே ஆக்கிய ‘நிஞ்ஜா தோ கொரோஷியா நோ ஃபுதாரிகுராஷி’. ஊரைவிட்டு ஓடிவந்த குனோயிச்சி சதோகோவும், கூலிக்குக் கொலை செய்யும் பள்ளி மாணவி கொனோஹாவும் ஒரே வீட்டில் குடித்தனம். சதோகோவுக்குத் தெரிந்த வித்தை, தொட்டதை இலைகளாக மாற்றுவது. பிணத்தையும்! கொலைகாரிக்கு இதைவிட நல்ல வீட்டுத்துணை கிடைக்குமா? வரைபவரின் புனைபெயர் ஹாம்பர்கர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒருத்தி அறிமுகமானால் அவள்மேல் பாசம் வைக்காதீர்கள், அடுத்த சில நிமிடங்களில் சருகாகிப் பறந்துவிடுவாள்.

இகாவுக்கே போக முடிகிறவர்களுக்கு ஒரு போனஸ். அங்கே ஓடும் உள்ளூர் ரயிலின் முகப்பில் இரண்டு பெரிய கண்கள் உங்களையே பார்க்கும். பெண் நிஞ்ஜாவின் கண்கள்! வரைந்து கொடுத்தவர் ‘கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999’-இன் லெய்ஜி மட்சுமோட்டோ. விண்வெளி ரயிலைக் கற்பனை செய்தவரிடமே ஊர் ரயிலுக்கு முகம் வாங்கிவிட்டார்கள்.

கடைசியாக, குழந்தைகள் நாளிதழில் 1986 முதல் 2019 வரை ஓடி, 65 தொகுதிகளாகக் குவிந்த ஒரு மங்கா. வரைந்தவர் அமாகோ சோபே என்ற பெண்மணி. நிஞ்ஜாப் பள்ளியில் எப்போதும் குறைந்த மதிப்பெண் வாங்கும் ரந்தாரோவின் கதை. இதைத்தான் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1993 முதல் ‘நின்தாமா ரந்தாரோ’ என்று அனிமேயாக ஒளிபரப்பிவருகிறது. அங்கே பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. எட்டிப் பார்க்கப் போகும் பையன்கள் பொறியில் சிக்கி மூக்குடைபட்டுத் திரும்புவது வழக்கம். அந்த வகுப்பின் ஆசிரியை யமமோட்டோ ஷினா ஒரு காட்சியில் இளம் அழகி, அடுத்த காட்சியில் கிழவி. எது வேஷம், எது நிஜம்? பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகர்களுக்கும் தெரியாது!