அச்சிட்ட தொலைபேசி விவரத் திரட்டும் அதன் இற்றைநாட் பயனும்

தொலைபேசி விவரத் திரட்டு என்பது ஓரூரில் தொலைபேசி பெற்றோர்தம் பெயர், முகவரி, எண் ஆகியவற்றை அகர வரிசையில் நிரல்படத் தொகுத்துத் தரும் நூலாகும். டெலிபோன் டைரக்டரி என்பது மக்கள் வழக்கு. இணையம் பரவிய பின்னர் இந்நூலை நாடுவார் அருகினர். கைப்பேசியிலேயே வேண்டும் எண் கிடைக்கும்போது, எடை மிக்க இந்நூல் எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே. இவ்வினாவிற்கு விடை காணப் புகுவோர் இந்நூலின் இருவகைப் பயனைப் பிரித்தறிதல் வேண்டும். எண்ணைத் தேடித் தருதல் ஒன்று. ஒரு காலத்திற்குச் சான்றாக நிற்றல் மற்றொன்று. முன்னது பெரும்பாலும் ஒழிந்தது. பின்னது இன்றும் உளது என்பதே எம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

தோற்றம்

அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஏவன் நகரில் 1878 சனவரி 28 அன்று வணிக முறையிலான தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பெற்றது. அடுத்த திங்கள் 21ஆம் நாள் வெளிவந்த ஒற்றைத் தாளே முதல் திரட்டு எனப்படும். அதில் ஏறத்தாழ 50 பெயர்கள் இருந்தன, எண்கள் இல்லை. இணைப்பகப் பணியாளரிடம் பெயரைக் கூறின் அவர் இணைத்துத் தருவார். ஆதலின் எண் வேண்டப்படவில்லை. 1879இல் மாசச்சூசெட்சு மாநிலத்து லோவல் நகரில் தட்டம்மை பரவியது. பணியாளர் ஒருங்கே நோயுறின் புதியவர் எவரும் அத்துணைப் பெயர்களையும் நினைவிற் கொள்ளல் அரிது என அஞ்சிய மருத்துவர் மோசசு கிரீலி பார்க்கர், பெயருக்கு மாறாக எண் வழங்குமாறு கூறினார் என்பர். பெயரையும் எண்ணையும் இணைத்துக் காட்டும் நூலின் தேவை இவ்வாறு பெருகிற்று.

தேய்வு

இந்நூலின் தேய்வு இணையத்திற்கு முன்னரே தொடங்கியது. பிரான்சு நாட்டில் 1982இல் நாடெங்கும் தொடங்கப்பெற்ற மினிடெல் என்னும் கருவியின் முதன்மைப் பணிகளுள் ஒன்று, அச்சிட்ட திரட்டிற்கு ஈடாக எண்களைத் திரையிற் காட்டுதல் ஆகும். அக்கருவியும் 2012 சூன் 30இல் நிறுத்தப்பட்டது. பிரித்தானியாவில் வணிகர் எண்களைத் தொகுத்துரைத்த எல்லோ பேசசு என்னும் நூல் 1966இல் பிரைட்டன் நகரில் முதன்முதல் தோன்றியது. 2019 சனவரியில் அதே நகரில் அதன் இறுதி அச்சுப்படி வழங்கப்பெற்றது. கைப்பேசி எண்கள் பொதுத் திரட்டுகளில் இடம்பெறாமையும் இத்தேய்விற்கு ஒரு காரணமாம்.

சான்றாம் தன்மை

இணையப் பக்கத்தில் முகவரி மாறின் பழையது அழிந்து புதியது அவ்விடத்தில் அமரும். தேடுவார் காண்பது பெரும்பாலும் இன்றைய நிலையே. அச்சிட்ட திரட்டோ தான் வெளிவந்த ஆண்டின் நிலையை மாறாது காட்டும். ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டு வரலாற்றாசிரியர்க்கு உதவுதல் போல, ஆண்டு குறித்த இந்நூலும் இன்னார் இக்காலத்து இத்தெருவில் இருந்தார் என உரைக்கும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். அமெரிக்காவில் குடிமதிப்பின் தனியாள் விவரங்கள் 72 ஆண்டுகள் மறைத்து வைக்கப்பெறும். 1940ஆம் ஆண்டுக் குடிமதிப்பு 2012 ஏப்ரல் 2இல் இணையத்தில் வெளியாயிற்று. ஆயின் அப்பொழுது அதற்குப் பெயரடைவு இல்லை. பக்கங்கள் கணக்கெடுப்பு வட்டம் வட்டமாக அடுக்கப்பெற்றிருந்தமையின், முகவரி அறியாதார் தம் முன்னோரைக் காணல் அரிதாயிற்று. அந்நிலையில் நியூயார்க்குப் பொது நூலகம், தான் பேணி வைத்திருந்த 1940ஆம் ஆண்டுத் தொலைபேசித் திரட்டுகளைப் படியெடுத்து இணையத்தில் இட்டது. திரட்டில் பெயர் கண்டு முகவரி அறிந்து, முகவரியால் வட்டம் அறிந்து, குடும்பத்தைக் கண்டனர் பலர். பின்னரே பெயரடைவு முற்றுப்பெற்றது. இணையம் தந்த பெருந்தொகுதிக்குத் திறவுகோலாக உதவியது வழக்கொழிந்த ஓர் அச்சு நூலே.

போலந்து நாட்டு வார்சா நகரத்து 1938-39ஆம் ஆண்டுத் திரட்டு இதனினும் நெஞ்சை உருக்குவது. அதில் பெயர் காணப்பெறும் யூதருள் மிகப் பலர் அடுத்த சில ஆண்டுகளில் கொல்லப்பட்டனர். நகரின் பெரும்பகுதியும் 1944இல் இடிக்கப்பட்டது. தெருவும் வீடும் அழிந்த பின்னும் அந்நூலின் வரிகள் எஞ்சின. வழித்தோன்றல்கள் இன்றும் அவற்றில் தம் முன்னோரைத் தேடுகின்றனர்.

சான்றின் எல்லை

எனினும் இந்நூலை ஆராயாது நம்புதல் தகாது. 1940இல் அமெரிக்க இல்லங்களுள் பாதிக்கும் குறைவானவற்றிலேயே தொலைபேசி இருந்தது. எனவே வறியோர் பலரை இதிற் காணல் இயலாது. குடும்பத்திற்கு ஒரு பெயரே இடம்பெறுதலின் மனைவியரும் மக்களும் மறைந்து நிற்பர். பிறர் களவு செய்தலைக் கண்டறியும் பொருட்டுப் பதிப்பாளர் பொய்ப் பெயர்களைச் சேர்த்தலும் உண்டு. கான்சசு மாநிலத்து ஒரு திரட்டைப் பற்றிய வழக்கில், பிறிதொரு நிறுவனம் எடுத்தாண்ட 1,309 பதிவுகளுள் 4 இத்தகையன. அகர வரிசைப் பெயர்ப் பட்டியலில் ஆக்கத் திறன் இன்மையின் அதற்குப் பதிப்புரிமை இல்லை என 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவடி பதிப்பிப்போர் இடைச்செருகலை ஆய்ந்து நீக்குதல் போல, இதனைப் பயன்படுத்துவோரும் பிற சான்றுகளோடு ஒப்பு நோக்குதல் கடன்.

முடிவு

படியெடுத்த வடிவே போதும், தாள் எதற்கு என்பார் உளர். படியெடுத்தற்கு முதல் நூல் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதை அவர் மறந்தனர். இல்லந்தோறும் இனித் திரட்டு வேண்டும் என யாம் கூறவில்லை. தம் எண் பலர்க்கும் தெரியலாகாது என விழைவாரின் உரிமையும் மதிக்கத் தக்கதே. ஆயின் முன்னர் வெளிவந்த திரட்டுகளைப் பழந்தாள் எனக் கருதி நூலகங்கள் கழித்தல் கூடாது. ஆண்டிற்கு ஒரு படியேனும் பேணப்படுதல் வேண்டும். திரட்டு நின்றுபோன ஆண்டுகளில் வாழ்ந்தோரைப் பின்னாளில் தேடுவார்க்கு இத்தகைய பொதுச் சான்று கிடைப்பது அரிது. கிடைத்துள்ள ஆண்டுகளின் சான்றையேனும் இழவாது காத்தல் இன்று நம்மால் இயல்வதாம்.