காசநோய்க் கிருமிக்கு நம் உடல் தரும் அவகாசம்

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று மத்திய அரசு வைத்த கெடு முடிந்துவிட்டது. ஒழிப்பு என்று அரசு சொன்னது, புதிதாக நோய் வருவோர் விகிதத்தை 2015-ல் இருந்ததைவிட 80 சதவீதம் குறைப்பதை. 2024 வரை குறைந்ததோ 21 சதவீதம். இதையொட்டி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: திடகாத்திரமான ஆளின் உடம்பிலும் இந்தக் கிருமி எப்படி வருடக்கணக்கில் தங்குகிறது?

விடையின் ஒரு பகுதி, 2025-ன் மருத்துவ நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பில் இருக்கிறது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டிய கட்டுப்படுத்தும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள், மற்ற டி செல்கள் நம் உறுப்புகளையே தாக்கிவிடாமல் அடக்கிவைக்கின்றன. அந்த அடக்கம் காசநோய்க் கிருமிக்குச் சாதகமாகிவிடுகிறது.

மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் கிருமியை விழுங்கு செல்கள் விழுங்கிவிடும். விழுங்கிய செல்லுக்குள்ளேயே அது பெருகும். பக்கத்து நிணநீர்க் கணுவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் தாக்கும் டி செல்கள் தயாராகும். எலிகளில் இதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அதே கணுவில், அதே கிருமியை அடையாளம் காணும் கட்டுப்படுத்தும் செல்களும் பெருகுகின்றன. இவை கொஞ்சம் இருந்தாலே போதும், தாக்கும் செல்கள் நுரையீரலுக்கு வந்துசேர இன்னும் தாமதமாகும் என்று சியாட்டில் ஆய்வாளர்கள் 2010-ல் எலிகளில் காட்டினார்கள். அந்த இடைவெளியில் கிருமி காலூன்றிவிடுகிறது.

அப்படியானால் கட்டுப்படுத்தும் செல்கள் போடும் இந்த பிரேக்கை எடுத்துவிடலாமே? அங்கேதான் ஆபத்து. எதிர்ப்புச் செல்களுக்கு பிடி-1 என்று இன்னொரு பிரேக் உண்டு. அது இல்லாத எலிகள் காசநோயில் மற்றவற்றைவிடச் சீக்கிரமே செத்தன. பிடி-1-ஐத் தடுக்கும் புற்றுநோய் மருந்து எடுத்த சிலருக்குக் காசநோய் கிளம்பியதும் பதிவாகியிருக்கிறது. நோயாளியின் நுரையீரலில் விழும் குழிகூடப் பெரும்பாலும் நம் எதிர்ப்புச் செல்கள் மூட்டும் அழற்சியால் விழுவதே. அந்தக் குழியில் கோடிக்கணக்கில் பெருகும் கிருமிதான் இருமலோடு வெளியேறி அடுத்தவரைத் தொற்றுகிறது. ‘இம்யூனிட்டியைக் கூட்டுங்கள்’ என்று விற்கும் விளம்பரங்களை இந்த நோய் விஷயத்தில் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கட்டுப்படுத்தும் செல்களைக் குறிவைக்கும் காசநோய் மருந்து உண்டா? இன்று இல்லை.

சிறுவயதில் பிசிஜி தடுப்பூசி போட்டது காப்பாற்றாதா? குழந்தைகளின் மூளைக் காசநோயைத் தடுக்கும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று 1968-ல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது.

இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது, மருத்துவர் சொன்ன காலம் முழுக்கச் சாப்பிடுங்கள்.

சத்தான சாப்பாடு? நிச்சயம் உதவும்: ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டாருக்கும் மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023-ல் முடிவு வெளியானது.