கைபேசியில் இருப்பது எல்லாம் சேமிப்பு ஆகாது

ஃபிலிம் கேமராக் காலத்தில் ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்தன. ஒரு சுருளில் 36 படங்கள். அவற்றைக் கழுவி, அச்சிட்டு, ஆல்பத்தில் ஒட்டி, பீரோவில் பட்டுப்புடவைகளோடு வைத்துக் காத்தனர். நெகட்டிவ் வேறோர் உறையில் இருந்தது. சில வேளைகளில் ஸ்டுடியோக்காரரிடமே இருந்தது. யாரும் திட்டமிடாமலேயே ஒரு படத்திற்கு இரண்டு வடிவங்கள், இரண்டு இடங்களில் இருந்துவந்தன.

இன்று ஒரு பிறந்தநாள் விழாவிலேயே சில நூறு படங்களை எடுத்துவிடுகிறோம். குழந்தையின் முதல் நடை, பாட்டியின் குரல், ஊர்த் திருவிழாவின் காணொளி எனக் குடும்பத்தின் நினைவுகள் யாவும் சட்டைப்பையில் இருக்கும் ஒரே கருவிக்குள் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கருவி பேருந்து நெரிசலில் தொலையலாம்; நீரில் விழலாம்; ஒரு நாள் காலையில் காரணமின்றி உயிர்பெறாமலும் போகலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் நலம். கைபேசி தொலைந்தாலும் அதனோடு வங்கிக் கணக்கிலுள்ள பணம் மறைந்துவிடுவதில்லை. கைபேசியில் இருப்பது செயலி மட்டுமே. கணக்கு வங்கியில் இருக்கிறது. புகைப்படங்களின் நிலை அதுவன்று. வேறிடத்தில் பிரதி இல்லாத படம் கருவியோடு போய்விடும். புதிய கைபேசியை வாங்கலாம், மறைந்தவரின் குரலை மீண்டும் பதிவுசெய்ய இயலாது. ஆகவே, கைபேசிக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றி ஒழுங்குபடுத்தும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

கேபிளே எளிய வழி

ஆயிரக்கணக்கான படங்களை மாற்றுவதற்கு யுஎஸ்பி கேபிளே நம்பகமானது. ஆண்ட்ராய்டு கைபேசியைக் கணினியுடன் இணைத்ததும் பெரும்பாலும் மின்னேற்றம் மட்டுமே தொடங்கும். பலர் இந்த இடத்தில்தான் திகைத்து நின்றுவிடுகின்றனர். கைபேசியின் பூட்டைத் திறந்து, திரையின் மேற்புறத்திலிருந்து கீழே இழுத்தால், யுஎஸ்பி குறித்த அறிவிப்பு தென்படும். அதைத் தொட்டு ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், கணினித் திரையில் கைபேசியின் பெயர் தோன்றும். அவ்வாறு தோன்றவில்லை எனில், கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். மலிவான சில கேபிள்களில் மின்னேற்றத்திற்கான கம்பிகள் மட்டுமே உண்டு. தரவைக் கடத்தும் கம்பிகள் இரா.

கைபேசிக்குள் ‘டிசிஐஎம்’ என்னும் கோப்புறை இருக்கும். டிஜிட்டல் கேமரா இமேஜஸ் என்பதன் சுருக்கமே அப்பெயர். நாம் எடுத்த படங்களும் காணொளிகளும் அதனுள் ‘கேமரா’ என்னும் கோப்புறையில் இருக்கும். வாட்ஸ்அப் வழியே வந்தவை அங்கே இரா. அண்மைக்கால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அவை ‘ஆண்ட்ராய்டு’ என்ற கோப்புறைக்குள் ‘மீடியா’ என்னும் பகுதியில், வாட்ஸ்அப்பின் பெயரிலுள்ள கோப்புறையில் இருக்கும். குரல் பதிவுகளுக்கு அதனுள்ளேயே தனிக் கோப்புறை உண்டு. உறவினரின் குரலைக் காக்க விரும்புவோர் இதை மறந்துவிடலாகாது.

ஐபோன் வைத்திருப்போர் இணைத்தவுடன், இந்தக் கணினியை நம்பலாமா என்று கைபேசி கேட்கும். ஒப்புதல் அளித்த பின்னரே படங்கள் தெரியும். 2017-இல் வெளியான ஐஓஎஸ் 11 முதல், ஐபோன்கள் ஹெச்இஐசி என்னும் புதிய வடிவத்தில் படங்களைச் சேமிக்கின்றன. பழைய கணினிகள் சிலவற்றில் அவை திறப்பதில்லை. அமைப்புகளில் ‘ஃபோட்டோஸ்’ பகுதியில், கணினிக்கு மாற்றும்போது ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்தால், பரவலாக வழங்கும் ஜேபெக் வடிவத்திற்கு அவை மாற்றித் தரப்படும்; ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று வைத்தால் உள்ளது உள்ளபடியே வரும்.

நான்கைந்து படங்களை மட்டும் அனுப்ப வேண்டும் எனில், ஆண்ட்ராய்டிலிருந்து விண்டோஸுக்கு ‘குயிக் ஷேர்’, ஐபோனிலிருந்து மேக் கணினிக்கு ‘ஏர்டிராப்’ போன்ற கம்பியில்லா வழிகள் போதும். வாட்ஸ்அப் வழியே தமக்குத் தாமே அனுப்பிக்கொள்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத் தரம் குறைகிறது, படம் எடுத்த நாளும் இடமும் குறித்த உட்குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு மாறாமல் சென்று சேரும்.

நகர்த்துவதும் நகலெடுப்பதும்

கோப்புகளை மாற்றும்போது ‘கட்’ செய்து ஒட்டுவது பலரின் வழக்கம். இதில் ஆபத்து உண்டு. பாதி வழியில் கேபிள் அசைந்தாலோ, மின்சாரம் தடைப்பட்டாலோ, இங்கும் இல்லை அங்கும் இல்லை என்ற நிலை சில கோப்புகளுக்கு ஏற்படலாம். எப்போதும் ‘காப்பி’ செய்வதே முறை. மூலம் கைபேசியில் அப்படியே இருக்கட்டும்.

நகலெடுத்து முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுதல் கூடாது. பாஸ்புக்கை நம் குறிப்போடு ஒப்பிட்டு நேர்செய்வது போல, இங்கும் ஒரு சரிபார்ப்பு வேண்டும். கைபேசிக் கோப்புறையில் எத்தனை கோப்புகள், கணினிக் கோப்புறையில் எத்தனை என்று எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். பின்னர் முதலில் உள்ள ஒரு படம், நடுவில் ஒன்று, இறுதியில் ஒன்று, நீண்ட காணொளி ஒன்று என நான்கையாவது திறந்து பார்க்க வேண்டும். பெயர் மட்டும் தெரிந்து, திறந்தால் வெற்றுத் திரையாக நிற்கும் கோப்புகளை இச்சோதனை காட்டிக்கொடுக்கும். ஐபோனில் வடிவமாற்றத்தோடு நகலெடுக்கும்போது இடையில் தடைப்படுவது உண்டு; அப்போது சிறு சிறு பகுதிகளாக நகலெடுத்தல் நன்று.

பென் டிரைவ் பயன்படுத்துவோர் சந்திக்கும் மற்றொரு புதிரும் உண்டு. இடம் ஏராளமாக இருந்தும், நீண்ட காணொளி ஒன்றை அது ஏற்க மறுக்கும். அந்த டிரைவ் ‘ஃபேட் 32’ முறையில் அமைந்திருப்பதே காரணம். அம்முறையில் ஒரு தனிக்கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது. டிரைவிலுள்ளவற்றை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் அதை மறுவடிவமைத்தால் தடை நீங்கும்.

கிளவுட்: பெட்டகமா, கண்ணாடியா?

‘என் படங்கள் எல்லாம் கூகுளில் இருக்கின்றன’ என்று நிம்மதியாக இருப்போர் பலர். அந்த நிம்மதிக்கு எல்லைகள் உண்டு. கூகுள் ஃபோட்டோஸ் வழங்கிய வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி; அதை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. ஆப்பிளின் ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. இடம் நிரம்பியதும் புதிய படங்கள் மேலே ஏறுவது நின்றுவிடும். அறிவிப்பைக் கவனியாதவர்கள் மாதக்கணக்கில் பாதுகாப்பின்றி இருக்க நேரும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இத்தகைய சேவை பெரும்பாலும் பெட்டகம்போல் அன்றி, கண்ணாடிபோல் இயங்குகிறது. ஃபோட்டோஸ் செயலியில் ஒரு படத்தை நீக்கினால் அது கைபேசியிலிருந்து மட்டுமன்றிக் கணக்கிலிருந்தும் நீங்குகிறது. இவ்வாறு நீக்கிய படங்கள் கூகுளில் 60 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். கைபேசியில் மட்டும் இடம் வேண்டுவோர், அச்செயலியிலேயே உள்ள ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு நாமினி நியமனத்தின் அருமை நன்கு தெரியும். படங்களுக்கும் அது பொருந்தும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் உரிமையைக் கூகுள் தன் கொள்கையில் வைத்திருக்கிறது. தந்தையின் மறைவுக்குப் பின் அவரது கணக்கைத் திறக்க வழியறியாத பிள்ளைகளுக்கு, அதிலுள்ள படங்கள் எட்டாமலே போகக்கூடும். இதற்கெனக் கூகுளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்ற ஏற்பாடும், ஆப்பிளில் ‘லெகசி காண்டாக்ட்’ என்ற ஏற்பாடும் உள்ளன. நம்பகமான ஒருவரின் பெயரை அவற்றில் பதிந்து வைக்கலாம். சில நிமிட வேலைதான்.

அடுக்கி வைக்கும் கலை

கணினியில் கொட்டிக் கிடக்கும் பத்தாயிரம் படங்களில் தேடியது கிடைக்காவிட்டால், அவை இருந்தும் இல்லாதவையே. எளிய முறை ஒன்று போதும். ஆண்டுக்கு ஒரு கோப்புறை. அதனுள் நிகழ்ச்சிக்கு ஒன்று. பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்க வேண்டும்: ‘2024-01-15 பொங்கல்’, ‘2024-06-09 தங்கை நிச்சயதார்த்தம்’ என்பது போல. நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் 15-ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஆண்டை முதலில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும்.

அடுக்கும் முன் களையெடுத்தல் வேண்டும். காலை வணக்கப் படங்கள், பகிரப்பட்ட துணுக்குகள், ஒரே காட்சியின் பல நகல்கள், திரைப்பிடிப்புகள் ஆகியவற்றை நீக்கினாலே பெரும் இடம் மிஞ்சும். எஞ்சியவற்றுள் பழைய குடும்பப் படங்கள் இருந்தால், அவற்றில் இருப்போர் யார் என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்தல் நன்று. பெயர் அறிந்தவர் இல்லாத காலத்தில் எந்தக் கணினியும் அதைச் சொல்லாது.

கேலரியில் இருக்கக் கூடாதவை

ஒழுங்குபடுத்தும்போது நம் கண்ணில் படும் வேறு சில படங்களும் உண்டு: ஆதார், பான் அட்டைகள், பாஸ்புக்கின் முதல் பக்கம், டெபிட் கார்டின் இருபுறமும், ஒரு தாளில் குறித்த பின் எண். அவசரத்திற்கு எடுத்தவை அப்படியே தங்கிவிடுகின்றன. கேலரியைப் பார்க்க அனுமதி பெற்ற ஒவ்வொரு செயலியும் இவற்றையும் பார்க்கக்கூடும். கார்டு, பின் எண் ஆகியவற்றின் படங்களை உடனே நீக்கிவிட வேண்டும். குப்பைத்தொட்டியையும் காலி செய்தல் அவசியம். அடையாள ஆவணங்களுக்கு, 2015 முதல் அரசு நடத்திவரும் டிஜிலாக்கர் உள்ளது. ஆதாரின் நகலைத் தர வேண்டிய இடங்களில், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ‘மாஸ்க்டு ஆதார்’ போதுமா எனக் கேட்டு, ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கிக் கொடுக்கலாம்.

ஜெராக்ஸ் கடை முதலிய இடங்களில் பிறர் கணினியில் கைபேசியை இணைத்து அச்செடுப்பதைத் தவிர்த்தல் நலம். ஃபைல் டிரான்ஸ்ஃபருக்கு ஒப்புதல் அளித்தால் கைபேசியின் கோப்புகள் அனைத்தும் அக்கணினிக்குத் திறந்துவிடப்படுகின்றன. பொது மின்னேற்ற முனைகள் வழியே தரவு திருடப்படும் வாய்ப்பைப் பற்றி ரிசர்வ் வங்கியும் 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில் எச்சரித்துள்ளது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறக்கவே கூடாது. அவை படங்கள் அல்ல, கைபேசியைக் கைப்பற்றும் செயலிகள்.

கைபேசி தொலைந்தால், முதலில் வங்கிக்குத் தெரிவித்துச் சேவைகளை நிறுத்தி, சிம் கார்டை முடக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் வழியே கருவியையும் முடக்கலாம். அதற்குத் தேவையான ஐஎம்இஐ எண்ணை இப்போதே *#06# என அழுத்தி அறிந்து எழுதி வைக்கலாம். பண மோசடி நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

மாதத்தில் ஒரு மணி நேரம்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய ‘3-2-1’ என்னும் விதி இங்கே கைகொடுக்கும். முக்கியமான கோப்புக்கு மூன்று பிரதிகள்; அவை இருவகைச் சாதனங்களில்; அவற்றுள் ஒன்று வேறிடத்தில். நடைமுறையில் இதன் பொருள்: ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளிப்புற ஹார்டு டிஸ்கில், ஒன்று கிளவுடிலோ வெளியூரில் வாழும் உடன்பிறப்பின் வீட்டிலோ. ஹார்டு டிஸ்கை எப்போதும் கணினியோடு இணைத்தே வைத்திருந்தால், கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும். வேலை முடிந்ததும், ‘இஜெக்ட்’ கொடுத்துக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இணைத்துக் கோப்புகள் திறக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். டிஸ்குகளும் பழுதாகும் இயல்புடையவையே.

மாதத் தவணைக்கு ஒரு தேதி இருப்பதுபோல இதற்கும் ஒரு தேதியைக் குறித்துக்கொள்வோம். முதல் ஞாயிறு எனில், அன்று கேபிளை இணைத்து, அம்மாதப் படங்களை நகலெடுத்து, சரிபார்த்து, ஹார்டு டிஸ்கிலும் இட்டு, அதன் பிறகே கைபேசியில் நீக்குவோம். பல ஆண்டுப் படங்கள் சேர்ந்துவிட்டனவே என்று மலைக்க வேண்டியதில்லை. இழக்கவே கூடாத ஐம்பது படங்களையும், பெரியவர்களின் குரல் பதிவுகளையும் இந்த ஞாயிறு முதலில் எடுத்து வைப்போம். மற்றவை அடுத்தடுத்த மாதங்களில் வந்து சேரட்டும்.