மாநில எல்லையில் வாகன விபத்து: இழப்பீடு தருவது யார் பொறுப்பு?

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலை, பாலாற்றைக் கடந்ததும் கர்நாடக மாநிலத்திற்குள் நுழைகிறது. இது வேலூர் வழியே ஓடும் பாலாறு அன்று. காவிரியில் கலக்கும் ஒரு சிற்றாறு. பழைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அக்கரைப் பகுதி, 1997இல் பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் இப்போது அடங்கும். சேலம், ஈரோடு, தருமபுரிப் பகுதி மக்கள் அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் இவ்வழியே மலைக்குச் செல்கின்றனர். பேருந்தில் இடம் கிடைக்காதவர்கள் வேனிலும், சில வேளைகளில் சரக்கு லாரியிலும் ஏறிக்கொள்வதுண்டு. மலைச் சாலையின் வளைவில் வண்டி கவிழ்ந்தால் காயமுற்றோர் தமிழ்நாட்டினர். வழக்குப் பதிவாவதோ கர்நாடகக் காவல் நிலையத்தில், கன்னட மொழியில்.

இத்தகைய குடும்பம் எங்கே முறையிடுவது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தொடக்கத்தில் விபத்து நிகழ்ந்த பகுதியின் தீர்ப்பாயத்தையே நாடச் சொன்னது. கொளத்தூரில் வாழும் விதவை ஒருத்தி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இத்துன்பத்தை நீக்கிற்று. மனுதாரர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் தீர்ப்பாயத்திலும், எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலும் மனுச் செய்யலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கிளை உள்ள ஊரில் மனுச் செய்ததும் செல்லும் என 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே பாலாற்றுக்கு அப்பால் நடந்த விபத்துக்குச் சேலத்திலேயே நீதி கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையின் மொழிபெயர்ப்பு மட்டும் தேவைப்படும்.

மூன்றாம் நபர் காப்பீடு நம் நாட்டில் 1946 ஜூலை முதல் கட்டாயமாக இருந்து வருகிறது. ஆயினும் ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பித்தாலன்றி இழப்பீடு இல்லை என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. குற்றம் யாருடையது என்று பாராமல் உயிரிழப்புக்கு ரூ.15,000 தரும் ஏற்பாடு 1982இல்தான் வந்தது. அத்தொகை பின்னர் ரூ.25,000, ரூ.50,000 என உயர்ந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும், கொடுங்காயத்திற்கு ரூ.2.5 லட்சமும் இவ்வாறு பெறலாம். இதனை ஏற்றுக்கொண்டால் வழக்கு அதனுடன் முடிந்துவிடும். கவனக்குறைவை நிரூபிக்க முடிந்தவர்கள் அவசரப்பட்டு இவ்வழியை நாடுவது நன்றன்று.

ஏன் எனில், கணக்கைப் பாருங்கள். மாதம் ரூ.12,000 ஈட்டிய 35 வயதுக் கொத்தனார் ஒருவர், மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ.1,44,000. எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டினால் ரூ.2,01,600. அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது ரூ.1,34,400. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16; ஆக ரூ.21,50,400. ஈமச் செலவு, துணையை இழந்தமை போன்றவற்றுக்கான தொகை இதற்கு மேல். 2009, 2017 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த முறை இது. வருமானத்திற்குச் சான்று இல்லாத கூலித் தொழிலாளியின் வழக்கில் முதல் எண்ணிலேயே சச்சரவு எழும்.

இன்சூரன்ஸ் நிறுவனம் தப்பிக்கும் வழிகள் யாவை? ஓட்டுநருக்கு முறையான உரிமம் இல்லை என்பது அடிக்கடி எழும் வாதம். அதனால் மட்டும் பாதிக்கப்பட்டவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, நிறுவனம் முதலில் பணத்தைச் செலுத்திவிட்டு உரிமையாளரிடம் பின்னர் வசூலிக்கத் தீர்ப்பாயம் ஆணையிடலாம்.

சரக்கு லாரியில் ஏறிச் சென்ற பக்தரின் நிலையே இரங்கத்தக்கது. தம் சரக்குடன் செல்லும் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டுமே 1994ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பளித்தது. வெறும் பயணியாக ஏறியவருக்கு நிறுவனம் பொறுப்பன்று என்பதே 2002, 2004 ஆண்டுகளின் தீர்ப்புகளிலிருந்து பெறப்படும் நிலை. சில வழக்குகளில் கருணை கூர்ந்து, "முதலில் கொடு, பிறகு வசூலி" என்று ஆணையிட்டதுண்டு. அதை உரிமையாகக் கருதிவிட முடியாது. லாரி உரிமையாளரிடம் அந்த ஒரு வண்டியைத் தவிர வேறு சொத்து இல்லையெனில், தீர்ப்பு வெறும் தாளாகவே இருக்கும். பத்து இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க லாரியில் ஏறுகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் கதை வேறு. தனி நிதி ஏற்படுத்திய கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்களிக்கச் சட்டம் இடந்தருகிறது. அப்போது இழப்பீட்டைக் கழகமே செலுத்த வேண்டும். அது தாமதித்தால் பேருந்தை ஜப்தி செய்ய நீதிமன்றம் உத்தரவிடும். பயணிகளை இறக்கிவிட்டு நீதிமன்ற வளாகத்திற்கு ஓட்டிச் செல்லப்படும் பேருந்து தமிழ்நாட்டில் புதிய காட்சியன்று.

காலவரையறை ஒன்றும் உண்டு. 1994இல் கைவிடப்பட்ட ஆறு மாத வரம்பு, 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இது உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது என்றாலும், காரியங்கள் முடியட்டும் என்று காத்திராமல் ஆறு மாதத்திற்குள் மனுவைப் பதிவு செய்துவிடுவதே தக்கது. மருத்துவமனைச் சீட்டுகள், வாகனப் பதிவெண், காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் ஆகியவற்றைக் காவல் நிலையத்திலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் முதல் வாரத்திலேயே கேட்டுப் பெறலாம்.