பாறையிலிருந்து பாடத்திற்கு: நியூயார்க்கில் புவியறிவியல் பட்டதாரி ஆசிரியர் பயிற்சி

முன்னுரை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, தாய்லாந்தின் புக்கெட் தீவிலுள்ள மாய்காவ் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி தன் குடும்பத்தாருடன் நடந்துகொண்டிருந்தாள். கடல்நீர் வழக்கத்திற்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டதும், அவளுக்கு இரு வாரங்களுக்கு முன் பள்ளியில் கற்ற புவியியல் பாடம் நினைவிற்கு வந்தது. ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய ஆழிப்பேரலையின் படக்காட்சியை ஆசிரியர் வகுப்பில் காட்டி விளக்கியிருந்தார். சிறுமி விடாது எச்சரித்ததால் கடற்கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் அங்கிருந்து வெளியேறி உயிர் தப்பினர். அதே நாளில் பினாங்கு, கெடா கரைகளிலும் ஆழிப்பேரலை மோதியது. மலேசியாவில் அறுபதிற்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

இந்நிகழ்வைச் சிறுமியின் மதிநுட்பத்திற்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். நாமோ அதனை ஓர் ஆசிரியரின் பணிக்குச் சான்றாகக் காண்கிறோம். ஆழிப்பேரலையைப் பற்றிய வரையறையை மனனம் செய்யவைத்த பாடமாக அது இருந்திருப்பின், கடற்கரையில் அது பயன்பட்டிருக்குமா என்பது ஐயமே. கண்ணெதிரே நிகழ்வதைக் கண்டு பொருள் உணரும்படி அப்பாடம் அமைந்திருந்தது. அவ்வாறு கற்பிக்கவல்ல ஆசிரியரை எங்ஙனம் உருவாக்குவது? புவியறிவியலை இடைநிலைப்பள்ளியில் தனிப்பாடமாகவே நெடுங்காலம் கற்பித்துவரும் நியூயார்க் மாநிலத்தின் பட்டதாரி ஆசிரியர் பயிற்சியை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

புவியறிவியல் பள்ளிப்பாடமான வரலாறு

புவியறிவியல் என்பது ஒரு துறை அன்று. பல துறைகளின் கூட்டு. பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் நிலவியல், காற்றுமண்டலத்தை ஆராயும் வானிலையியல், கடலியல், வானியல் ஆகிய நான்கும் அதனுள் அடங்கும். அமெரிக்கப் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயற்கைப் புவியியல் என்னும் பெயரில் இதன் ஒரு பகுதி கற்பிக்கப்பட்டது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதன் பின்னர், அமெரிக்கா தன் அறிவியல் கல்வியை மறுசீரமைக்க முனைந்தது. அதன் விளைவாக 1960களில் புவியறிவியலுக்கெனத் தனிக் கலைத்திட்டம் ஒன்று உருவாக்கப்பட்டு, 1967இல் அதன் பாடநூல் வெளிவந்தது. மாணவர் தாமே ஆராய்ந்து அறிதல் அதன் அடிப்படைக் கொள்கையாகும்.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. கண்டங்களும் கடற்படுகைகளும் நகரும் தட்டுகளின்மேல் அமைந்துள்ளன என்னும் புவித்தட்டுக் கோட்பாடு, 1967, 1968ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளால்தான் உறுதிபெற்றது. அதற்கு முன் பட்டம் பெற்றிருந்த ஆசிரியர்கள், மலைகள் தோன்றும் முறையையும் நிலநடுக்கத்தின் காரணத்தையும் பணிக்காலத்திலேயே புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. ஆசிரியர் பயிற்சி என்பது பட்டத்தோடு முடிந்துவிடும் ஒன்றன்று என்பதைப் புவியறிவியலின் வரலாறே நமக்கு உணர்த்துகிறது எனலாம்.

தகுதிகளும் படிநிலைகளும்

நியூயார்க் மாநிலத்தில் புவியறிவியல் ஆசிரியர் உரிமம் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான கற்பித்தலுக்கு வழங்கப்படுகிறது. அதனைப் பெற விழையும் பட்டதாரி, தம் பாடத்துறையில் குறைந்தது 30 பருவ மதிப்பலகுகளை முடித்திருத்தல் வேண்டும். நிலவியல் மட்டும் கற்றவர் வானிலையியலிலும் வானியலிலும் உள்ள குறையை நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். பாடவறிவுத் தேர்வு ஒன்றும், பல்வகை மாணவரையும் கற்பிக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வு ஒன்றும் உள்ளன. கற்பித்தலை ஒளிப்பதிவு செய்து, அதனைப் பற்றிய எழுத்துப்பூர்வமான ஆய்வுடன் ஒப்படைக்கும் மதிப்பீடு 2014 முதல் 2022 வரை கட்டாயமாக இருந்து, பின்னர் நீக்கப்பட்டது. வகுப்பறைப் பயிற்சிக்காலமோ முன்பிருந்த 40 நாள்களிலிருந்து 70 நாள்களாக உயர்த்தப்பட்டுள்ளது. தாளில் எழுதும் மதிப்பீட்டைக் காட்டிலும் வகுப்பறையில் செலவிடும் நாள்களுக்கு முதன்மை தரும் போக்கினை இம்மாற்றங்களில் காண்கிறோம்.

முதலில் வழங்கப்படுவது தொடக்கநிலை உரிமமே. ஐந்தாண்டுகளுக்குள் முதுகலைப் பட்டமும் மூன்றாண்டுக் கற்பித்தல் பட்டறிவும் பெற்ற பின்னரே முழுநிலை உரிமம் கிட்டும். எனவே, பட்டப்பின் படிப்பு அங்கு விருப்பத் தேர்வு அன்று; தொழிலின் ஓர் உறுப்பு.

அருங்காட்சியகமே பயிற்சிக்கூடம்

உரிமம் பெற்ற புவியறிவியல் ஆசிரியர்கள் போதிய அளவில் கிடைக்காமையால், உயிரியல் முதலான பிற பாடத்தினர் அப்பாடத்தைக் கற்பிக்க நேரும் நிலை நியூயார்க்கில் இருந்துவந்தது. வறிய மாணவர் மிகுந்த பள்ளிகளே இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன. இக்குறையைப் போக்க, 1869இல் நிறுவப்பட்ட அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரு புதிய முயற்சியை மேற்கொண்டது. மாநிலக் கல்வி வாரியத்தின் ஒப்புதலுடன், புவியறிவியல் கற்பித்தலில் முதுகலைப் பட்டம் வழங்கும் 15 மாதப் பயிற்சித் திட்டத்தை 2012ஆம் ஆண்டு கோடையில் அது தொடங்கியது. பல்கலைக்கழகம் செய்துவந்த பணியை ஓர் அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டமை அன்று பெரிதும் கவனிக்கப்பட்டது.

மருத்துவப் பட்டதாரி மருத்துவமனையில் மூத்த மருத்துவரின்கீழ்ப் பணியாற்றித் தொழில் கற்பதைப் போன்றதே அத்திட்டத்தின் அமைப்பு. முதற்கோடையில் பயிற்சியாளர் அருங்காட்சியகத்தில் கற்றுக்கொண்டே அங்கு வரும் இளையோருக்குக் கற்பிப்பர். பின்னர் ஒரு கல்வியாண்டு முழுவதும் அரசுப் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியருடன் இருப்பர். இரண்டாம் கோடையில் அறிவியல் அறிஞர்களுடன் இணைந்து ஆய்வில் ஈடுபடுவர். அவர்களுக்குக் கல்விக் கட்டணமின்றி உதவித்தொகையும் வழங்கப்பட்டது. அதற்கு ஈடாக, தேவை மிகுந்த பள்ளிகளில் நான்காண்டுகள் பணிபுரிய அவர்கள் உடன்பட்டனர்.

இவ்விடத்தின் சிறப்பு யாதெனில், அங்குப் பாடநூலின் படம் கைக்கெட்டும் பொருளாகிவிடுகிறது. 1999இல் திறக்கப்பட்ட புவிக்கூடத்தில் பெரும் பாறைகளைத் தொட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து பெறப்பட்ட, ஏறத்தாழ 430 கோடி ஆண்டுப் பழமையுடைய சிர்க்கான் படிகமும் அங்கு உள்ளது. எதிரிலுள்ள சென்ட்ரல் பூங்காவிலோ, ஏறத்தாழ 45 கோடி ஆண்டுப் பழமையான உருமாறிய பாறைகள் தரைக்குமேல் தலைகாட்டுகின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியை மூடியிருந்த பனிப்பாளம், தன் அடியில் சிக்கிய கற்களால் அப்பாறைகளின்மேல் நீண்ட கீறல்களை இட்டுச் சென்றது. கீறல்கள் எத்திசையில் உள்ளன என்பதைக் கொண்டு பனிப்பாளம் நகர்ந்த போக்கினைப் பதினான்கு வயது மாணவன் தானே கணிக்க இயலும். பாறையைப் படிக்கத் தெரிதல் ஒரு திறன். மாணவனைப் படிக்கவைக்கும் வினாவைத் தொடுத்தல் மற்றொரு திறன். பயிற்சியின் நோக்கம் இவ்விரண்டையும் இணைப்பதேயாகும்.

பொருளறிவும் கற்பித்தலறிவும்

அமெரிக்கக் கல்வியறிஞர் லீ ஷுல்மன் 1986இல் வெளியிட்ட கட்டுரை இவ்விணைப்பிற்கு ஒரு பெயர் தந்தது. பாடப்பொருளை அறிதலும் பொதுவான கற்பித்தல் முறைகளை அறிதலும் மட்டும் போதா. குறிப்பிட்ட பாடப்பொருளைக் குறிப்பிட்ட மாணவர்க்கு எவ்வாறு விளங்கவைப்பது, அவர் எங்கே இடறுவார் என்பதை அறிவதே ஆசிரியருக்குரிய தனியறிவு என்பது அவர் கருத்து. இதனைப் பாடவழிக் கற்பித்தலறிவு எனலாம்.

புவியறிவியலில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. கோடையும் குளிரும் ஏன் மாறிமாறி வருகின்றன என்று 1987ஆம் ஆண்டு ஆவணப்படம் ஒன்றில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் வினவப்பட்டது. வினவப்பட்ட 23 பேரில் 21 பேர் தவறான விளக்கத்தையே அளித்தனர். பூமி சூரியனை நெருங்கும்போது கோடை வரும் என்பது பரவலான பிழைக்கருத்து. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அண்மையில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது இடைத்தொலைவு ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் அது 15.2 கோடியாகும். ஆயினும் ஜனவரியில் நியூயார்க் உறைகிறது. பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வேயன்றித் தொலைவன்று. இப்பிழையை முன்னறியாத ஆசிரியர் சரியான விளக்கத்தைக் கூறிச் சென்றுவிடுவார். மாணவனும் தேர்வில் அதனை எழுதிவிடுவான். பழைய கருத்தோ அவன் உள்ளத்தில் அப்படியே இருக்கும்.

காலத்தின் பேரளவை உணர்த்துவது மற்றோர் அறைகூவல். 460 கோடி ஆண்டு என்னும் எண் மாணவர்க்கு வெறும் ஒலியே. 46 மீட்டர் நீளமுள்ள காகிதச் சுருளை விரித்து, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆண்டு எனக் குறிக்கச் செய்தால் நிலைமை மாறுகிறது. டைனோசர்கள் அழிந்த இடம் முடிவிலிருந்து 66 சென்டிமீட்டரில் வரும். ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டு வரலாறுடைய மனித இனத்திற்குக் கிடைப்பதோ மூன்று மில்லிமீட்டர்தான். தன் இனத்திற்குரிய இடத்தை விரல்நுனியால் மறைத்துவிடலாம் என்று கண்ட மாணவனுக்குப் புவியின் வயது விளங்கிவிடும்.

நியூயார்க்கின் பொதுத்தேர்வும் செய்முறையை வற்புறுத்துவதாகும். தேர்வெழுதுவோர் 1,200 நிமிடச் செய்முறைப் பயிற்சியை முடித்திருத்தல் வேண்டும். கனிமத்தைச் சோதித்துப் பெயரிடுதல், நிலநடுக்க மையத்தைக் கண்டறிதல் ஆகியன முந்தைய தேர்வின் செய்முறைப் பகுதியில் இடம்பெற்றன. அருகில் நிகழும் நிலநடுக்கத்தில் முதலலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையே ஒவ்வொரு நொடி இடைவெளியும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்த் தொலைவைக் குறிக்கும். மூன்று நிலையங்களிலிருந்து வரையப்படும் வட்டங்கள் சந்திக்கும் இடமே மையம். 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த புதிய தேர்வு, தரவுகளைக் கொண்டு விளக்கம் உருவாக்கும் திறனை மேலும் வலியுறுத்துகிறது. ஆசிரியரும் அவ்வாறே பயிற்றப்பட்டிருந்தாலன்றி இத்தேர்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்த இயலாது.

மொழி என்னும் இடர்ப்பாடு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் நியூயார்க் வகுப்பறைகளில் மிகுதி. ஆதலின் கலைச்சொற்களைக் கையாளும் முறையும் அங்குப் பயிற்சியின் ஒரு பகுதியாகும். பாறை சிதைவதைக் குறிக்கும் ‘வெதரிங்’ என்னும் சொல்லைக் கேட்ட மாணவன் அதனை வானிலை என்று கருதுவான். நிலப்பிளவைக் குறிக்கும் ‘ஃபால்ட்’ அன்றாட வழக்கில் குற்றத்தைக் குறிக்கும். தமிழில் சிதைவு, அரிப்பு, படிவு என்னும் சொற்கள் நிகழ்வைத் தாமே உரைக்கின்றன. எனினும், பாறை இருந்த இடத்திலேயே நொறுங்குவது சிதைவு, நொறுங்கியது நீராலும் காற்றாலும் அகற்றப்படுவது அரிப்பு என்னும் வேறுபாட்டை ஆசிரியர்தாம் தெளிவுறுத்த வேண்டும்.

மலேசியாவில் புவியறிவியல் தனிப்பாடமன்று. இடைநிலைப்பள்ளியின் அறிவியலிலும் புவியியலிலும் அது பகிர்ந்து கற்பிக்கப்படுகிறது. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் பயின்ற மாணவர், படிவம் ஒன்றின் அறிவியல் பாடத்தில் புவியின் அடுக்குகளையும் பாறை வகைகளையும் வேற்றுமொழியில் சந்திக்கின்றனர். சொல்லோடு கருத்தும் தமிழிலேயே வேரூன்றியிருப்பின், மாறவேண்டியது பெயர் மட்டுமே. கருத்து ஊன்றாமல் சொல் மட்டும் மனனமாகியிருப்பின், இரண்டும் ஒருங்கே தொலையும். ஆகவே, இது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் உரிய கடமையாகிறது.

நிறைவுரை

2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சபாவின் ரானாவ் பகுதியில் 6.0 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து மலையேறச் சென்ற தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். எந்தப் பாடமும் அனைத்து இழப்பையும் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. நிலம் நமக்கு அசையாத ஒன்றன்று என்பதை அறிந்த தலைமுறையை உருவாக்கும் பொறுப்பு வகுப்பறைக்கு உண்டு என்பதே நாம் கூறவருவது.

நியூயார்க்கின் பட்டறிவு நமக்கு உணர்த்துவது இதுவே: பட்டம் ஆசிரியரை உருவாக்குவதில்லை, கற்பித்தல் முறைகளைப் பற்றிய விரிவுரைகளும் தனித்து நின்று உருவாக்குவதில்லை. பாடப்பொருள் வாழும் இடத்தில், தேர்ந்த ஆசிரியரின் அருகில், மாணவரின் பிழைகளுக்கு நடுவே செலவிடும் நாள்களே ஆசிரியரை உருவாக்குகின்றன. தமிழிலக்கியம் கற்ற பட்டதாரி தமிழாசிரியராவதற்கும் இஃது ஒக்கும். யாப்பினை அறிந்தவர் அனைவரும் மாணவன் எவ்விடத்தில் சீர் பிரிக்கத் தடுமாறுகிறான் என்பதை அறிந்தவராகார். அவ்விடத்தை அறிந்தவரே ஆசிரியர். பாடம் எதுவாயினும், பயிற்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் அவ்வறிவிற்குப் போதிய நாள்களை ஒதுக்குதல் வேண்டும்.