பழைய சவர்க்காரத் தட்டை அகற்றல்

அங்குலக் கணக்கு வழங்கிய காலத்திற் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றின் குளியலறைகளிலே, வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்த சுவரின் நடுவே, பீங்கானாலான சவர்க்காரத் தட்டொன்று சீமெந்தினால் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். விளிம்புடைந்து மஞ்சள் படர்ந்த அத்தட்டை அகற்ற விரும்புவோர் முதலில் நாடுவது சுத்தியலையே. தட்டு உடைகின்றது, அயலிலுள்ள இரண்டு மூன்று ஓடுகளும் உடன் உடைகின்றன. பின்னர் அவற்றிற்கு இணை தேடிக் கடை கடையாக அலைய நேரிடுகின்றது. பழைய ஓடு ஆறங்குலச் சதுரமாயின் அதன் பக்கம் 152 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். 150 மில்லிமீற்றர் ஓட்டை அவ்விடத்திற் பதித்தால், வேறுபாடு சிறிதாயினும் கண்ணை உறுத்தும். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டென்பது அப்போதுதான் விளங்கும். உடைவை அவ்வாறே விட்டாலோ, நீர் உட்புகுந்து சுவரின் மறுபக்கத்திலும் ஈரம் ஊறும்.

தட்டில் விழுந்த அடி ஓட்டை உடைப்பது எவ்வாறு? பீங்கான் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவையையும் வளைவையும் தாங்காது. தட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே நிரப்பப்பட்ட வெள்ளைச் சீமெந்து கல்லாய் இறுகி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றது. ஆகவே ஒன்றில் விழுந்த அடி மற்றதற்குச் செல்கின்றது. அவ்விணைப்பை முதலில் அறுத்துவிட்டால் அடி செல்லும் வழி அடைபடும். இவ்வேலையின் பெரும்பகுதி இவ்வறுப்பே, எஞ்சியது சிறிது.

இரும்பறுக்கும் வாளின் அலகொன்றை எடுத்து, கைபிடிக்குமிடத்திற் சீலை சுற்றி, தட்டின் நாற்புறமும் ஓட்டின் தடிப்பளவு ஆழத்திற்கு மெல்ல அறுத்தல் வேண்டும். ஒருமணி நேரஞ் சென்றாலும் அது வீணன்று. சீமெந்துத் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. ஆதலால் அவ்விடத்தை அடிக்கடி நனைத்து, மூக்கையும் வாயையும் தூசி வடிக்கும் கவசத்தால் மூடிக்கொள்ளல் நன்று. சுற்றியுள்ள ஓடுகளின்மீது ஒட்டுநாடாவும், நீர் வடியும் துவாரத்தின்மீது சீலையும் இடுக.

அடுத்து, தட்டின் நடுவிலே மின்துறப்பணத்தாற் சில துளைகள் இடல் வேண்டும். அதற்குமுன் குளியலறைக்குச் செல்லும் மின்சாரத்தைப் பிரதான ஆளியில் நிறுத்தி, துறப்பணத்திற்கு மின்கலத்தாலியங்குவதைக் கொள்ளுதல் உயிர்காக்கும் முன்னெச்சரிக்கையாகும். சுவரினுள் வயரோ குழாயோ செல்லும் வழியை எவரும் கண்ணாற் கண்டறிய இயலாது, தண்ணீரையும் அடைத்துவிடுக. துளையிட்டு நலிந்த தட்டைச் சிறிய உளியாலும் சிறிய சுத்தியலாலும் துண்டுதுண்டாகப் பெயர்க்கலாம். உளியின் முனை எப்போதும் தட்டின் நடுவையே நோக்கியிருத்தல் வேண்டும். ஓட்டின்மேல் நெம்புகோலை ஊன்றி நெம்புதல் பெருந்தவறு. ஓடே அங்கு பொறுதியாகிப் பாரம் முழுவதையும் ஏற்று வெடிக்கும். பீங்கான் துண்டின் விளிம்பு கண்ணாடியைப்போற் கூரியது. கண்ணுக்குக் கவசமும் கைக்குத் தடித்த உறையும் இன்றி இதில் இறங்குதல் ஆகாது.

துவாய்க் கம்பி போன்ற உலோகப் பொருள்களின் செய்தி வேறு. அவற்றின் அடிப்பக்கத்திலே தலையற்ற சிறு திருகாணியொன்று மறைந்திருத்தல் கூடும். அதைத் தளர்த்தினாற் கம்பி தானாகவே வெளிவரும். துருப்பிடித்திருப்பின் எண்ணெயிட்டு ஓர் இரவு விடுக. உள்ளே ஓட்டைத் துளைத்துச் செருகிய முளை இருக்கும். பழைய வீடுகளில் அது மரத்துண்டாகவோ நாராலான முளையாகவோ இருக்கலாம். ஜேர்மானியரான ஆற்றர் பிஷர் 1958 இல் ஆக்கிய நைலோன் முளை பின்னர் உலகெங்கும் பரவியது. இம்முளைகளைப் பிடுங்கும் முயற்சியில் துளையின் வாய் பெயர்ந்து ஓடு கெடுவதுண்டு. இலகுவில் வராத முளையைச் சற்று உள்ளே தட்டிவிட்டு, மேலே வெள்ளைச் சீமெந்து பூசினாற் போதும்.

தட்டை அகற்றிய குழியிலே பழைய சாந்து மேடாக நிற்கும். அதைச் சிறிது சிறிதாகச் செதுக்கிச் சமப்படுத்தி, தூள் நீக்கி, சுவரின் ஈரம் முற்றாக வற்றும்வரை சில நாள் காத்திருந்த பின்னரே புதிய ஓட்டை ஒட்டுதல் வேண்டும். அந்நாள்களில் அச்சுவரில் நீர் படாதவாறு குளிப்பவர் வேறிடம் தேடிக்கொள்ளட்டும்.