பல்லை அளக்கும் ஸ்கானர்கள்: நிறையும் குறையும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் பழமொழி. சொல்லைக் காக்கவே இன்று பல்லுக்கு உறை இடுகிறோம். வீட்டில் ‘கேப்’ என்று வழங்குவது அதுதான். மருத்துவர் எடுத்தனுப்பும் அச்சைக் கொண்டு அவ்வுறையைச் செய்து தருவது பெரும்பாலும் வேறொரு ‘லேப்’. நம் சங்கத்து அன்பர் ஒருவர் அத்தகைய லேப் நடத்துகிறார். கையால் மெழுகு வைத்துப் பழகிய அவர், கடன் வாங்கி ஒரு ஸ்கானர் வைக்க எண்ணியபோது நம்மையும் துணைக்கு அழைத்தார். அவரோடு நாம் கண்டறிந்தவற்றை ஈண்டுத் தருகிறோம்.

உறையின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது. செதுக்கிய பல்லின் எல்லைக்கோட்டோடு அது பொருந்தாவிடில், இடுக்கில் கிருமி புகுந்து உள்ளேயே பல் சொத்தையாகும். இடைவெளி 120 மைக்ரான் வரை பொறுக்கத்தக்கது என 1971-இல் மக்லீன், ஃபிரான்ஹோஃபர் ஆகிய இருவர் கூறிய அளவு இன்றும் எடுத்தாளப்படுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆதலின், விளிம்பை எவ்வளவு செம்மையாகக் காண்கிறது என்பதே ஸ்கானருக்கு உரைகல்.

முதல் வகை, தொட்டு அளப்பது. ஸ்வீடன் நாட்டில் 1980-களில் தோன்றிய புரோசெரா முறை இவ்வழியில் வளர்ந்தது. சிறு குண்டு முனை வார்ப்பின் மேல் ஊர்ந்து வடிவத்தை அறியும். பளபளப்போ நிறமோ அதனை ஏமாற்ற இயலாது. எனினும் அது மெதுவானது. குண்டினும் குறுகிய பள்ளத்தில் நுழையாது. மென்மையான அச்சைத் தொட்டால் அச்சு அமுங்கும்.

இரண்டாவது, லேசர்க் கோட்டை ஓடவிட்டு, அதன் வளைவைச் சாய்ந்து நிற்கும் கேமராவால் காண்பது. அமைப்பு எளிது, பொருளைத் தொடுவதில்லை. ஆயின் லேசருக்கே உரிய புள்ளிச் சிதறல் கூரிய விளிம்பைச் சிறிது மங்கச் செய்யும்.

மூன்றாவது, இன்று பெருவழக்காயுள்ள பட்டை ஒளி. பல ஒளிப்பட்டைகளை ஒருங்கே வீசி, பரப்பு முழுவதையும் விரைவில் படம்பிடிக்கும். நீல ஒளியானால் அறை வெளிச்சத்தின் தொல்லையும் குறைவு. பளபளக்கும் உலோகத்தில்தான் இது தடுமாறும். அங்கு வெண்பொடி தெளிக்க வேண்டும், அப்பொடியும் ஓர் அளவைக் கூட்டும்.

ஒளி வகை இரண்டுக்கும் பொதுவான குறை, நிழல். ஆழ்ந்து குறுகிய அச்சின் அடியைக் கேமரா காணாது. கேமராக்களைக் கூட்டி, மேடையைச் சாய்த்துச் சுழற்றினால் நிழல் குறையும், விலையோ ஏறும்.

பெட்டியின் அமைப்பும் சிந்திக்கத்தக்கது. திறந்த முகப்பில் இரு தாடை வார்ப்புகளையும் பூட்டிய சட்டத்தை எளிதில் வைக்கலாம்; ஆனால் லேபில் பறக்கும் பிளாஸ்டர்த் தூசு கண்ணாடியில் படியும். கதவுள்ள பெட்டி தூசைத் தடுக்கும். பெரிய சட்டத்திற்கு இடம் தராது. கோப்பை எஸ்.டி.எல். வடிவில் வெளியே எடுக்க இயலாத கருவியை வாங்கினால், விற்றவரையே என்றும் நாடி நிற்க நேரிடும்.

விலைப்பட்டியலில் 5 மைக்ரான், 10 மைக்ரான் என்றெல்லாம் இருந்தது. அவை சோதனைக்கென அமைத்த பொருளை அளந்து கண்ட எண்கள். அன்பரோ, ஆழ்ந்த விளிம்புள்ள தம் வார்ப்பு ஒன்றை மூன்று விற்பனையாளரிடமும் கொடுத்து, வந்த கோப்புகளைக் கொண்டு உறை செய்து பொருத்திப் பார்த்தார். விலை மிகுந்த கருவியின் உறையும் நடுத்தர விலையின் உறையும் ஒன்றுபோலவே அமர்ந்தன. நடுத்தரத்தையே வாங்கினார், கடனும் குறைந்தது.

உறை அணியும் நம் குடும்பத்தாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அச்சில் பதியாத விளிம்பை எக்கருவியும் காணாது. ஆதலின், அச்சு எடுக்கையில் அவசரப்படுத்தாதீர்கள். உறையை ஒட்டுமுன், ‘விளிம்பு சரியாக அமர்ந்துள்ளதா?’ என்று மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். ஒட்டிய பின் திருத்துவது அரிது.